உளவியல் மைனர்: கிரெடிட் கணக்கு

முதன்மைப் பாடத்துக்கு வெளியே, குறிப்பிட்ட அளவு உளவியல் தாள்களைத் தேர்ந்து பெறும் கூடுதல் தகுதி. இதற்குக் கணக்கு தாள்களின் எண்ணிக்கையில் இல்லை, கிரெடிட்டில். வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு பருவம் நடந்தால் 1 கிரெடிட். செய்முறைக்கு வாரம் இரண்டு மணி நேரம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 பாடத்திட்டச் சட்டகம் மைனருக்கு மூன்றாண்டுப் பட்டத்தில் 24, நான்காண்டுப் பட்டத்தில் 32 கிரெடிட் ஒதுக்குகிறது. அதாவது, நான்கு கிரெடிட் தாள்களாயின் முறையே ஆறு, எட்டு.

விதிமுறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். எடுத்துக்காட்டாக, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் இயங்கும் கலசலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தன் பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும். ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ளது. கல்லூரிகளில் பழகிய ‘அலைடு’ தாளை மைனராக எண்ணிவிடக் கூடாது. அலைடு முதன்மைப் பாடத்துக்குத் துணை, மைனரோ தனித் துறைப் பயிற்சி. சேரும் ஆண்டின் விதிமுறையைப் பார்ப்பது மிக முக்கியம்.