எழுந்து நிற்கும் தாள்: முப்பரிமாண வாழ்த்து அட்டையின் பிறப்பும் வளர்ச்சியும்

வாழ்த்து அட்டையைத் திறந்ததும் உள்ளிருந்து ஒரு கோபுரமோ பூச்செண்டோ பறவையோ எழுந்து நிற்கிறது. மூடினால் சுவடு தெரியாமல் படுத்துக்கொள்கிறது. கடைகளில் 'பாப்-அப்' அட்டை என்று கேட்டு வாங்கப்படும் இதைக் குழந்தைகளுக்கான வேடிக்கைப் பொருளாகவே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் இந்த நுட்பத்தின் தொடக்கக் காலத்தில் குழந்தைகளைக் காண முடிவதில்லை. துறவிகளும் வானியலாளர்களும் கணித ஆசிரியர்களுமே அங்கே இருக்கிறார்கள்.

அறிவு நூல்களில் பிறந்த தாள் நுட்பம் அஞ்சல் வழியே வாழ்த்து அட்டைக்கு வந்து சேர்ந்த பாதையை இக்கட்டுரை ஆராய்கிறது. அச்சிடுவதும் வெட்டுவதும் இயந்திரத்தின் பொறுப்பான பிறகும், மடித்து ஒட்டும் வேலை மட்டும் கையிலேயே தங்கிவிட்டது. ஆகவே இந்த அட்டையின் வரலாறு, அந்தக் கைகள் எந்தெந்த ஊர்களில் கிடைத்தன என்பதன் வரலாறும் ஆகும்.

கணக்குப் போட்ட தாள்

13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் வாழ்ந்த மேத்யூ பாரிஸ் என்ற துறவி, தம் வரலாற்று நூலில் சுழலும் வட்டு ஒன்றைப் பொருத்தினார். ஆண்டுதோறும் தேதி மாறும் ஈஸ்டர் முதலிய திருநாள்களைக் கணிக்க அது பயன்பட்டது. ஏறத்தாழ அதே நூற்றாண்டில் மயோர்க்காத் தீவைச் சேர்ந்த ரமோன் லுல் என்ற அறிஞர், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் வட்டுகளைக் கொண்டு மெய்யியல் கருத்துகளை இணைத்துக் காட்டினார். அச்சுக் காலத்தில் இந்த உத்தி உச்சத்தைத் தொட்டது. ஜெர்மானிய வானியலாளர் பீட்டர் ஏபியன் 1540-ல் இங்கோல்ஷ்டாட் நகரில் வெளியிட்ட பெரிய நூலில், கோள்களின் இருப்பிடத்தைக் கணக்கிடுவதற்காகப் பல அடுக்குத் தாள் வட்டுகள் கையால் கோக்கப்பட்டிருந்தன.

வட்டுகள் சுழன்றன; ஆனால் எழுந்து நிற்கவில்லை. தாள் எழுந்து நிற்பதற்குப் பண்டைக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தேவைப்பட்டார். அவருடைய வடிவியல் நூலின் முதல் ஆங்கில மொழிபெயர்ப்பை ஹென்றி பில்லிங்ஸ்லி செய்தார். கணித அறிஞர் ஜான் டீ முன்னுரை எழுதினார். லண்டன் அச்சகத்தார் ஜான் டே 1570-ல் அச்சிட்டார். திண்ம உருவங்களைப் பேசும் 11ஆம் பகுதியில், முக்கோணத் தாள் துண்டுகள் பக்கத்தோடு ஒட்டப்பட்டிருந்தன. படிப்பவர் அவற்றைத் தூக்கிச் சாய்த்தால் பட்டைக்கூம்பு உருவாகும். தட்டைப் படத்தில் புரியாத கனவடிவத்தை மாணவர் விரலாலேயே கட்டிப் பார்க்கலாம். அந்தத் துண்டுகள் அனைத்தும் கையால் ஒட்டப்பட்டவை.

குழந்தைகள் இந்த வரலாற்றுக்குள் வர மேலும் இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. லண்டன் பதிப்பாளர் ராபர்ட் சேயர் 1765-ல் தொடங்கி, மடல்களைப் புரட்டப் புரட்டக் கதைமாந்தரின் காட்சி மாறும் சிறு நூல்களை விற்றார். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டனின் டீன் அண்ட் சன் நிறுவனம், நாடாவை இழுத்தால் அடுக்கடுக்காக நிமிரும் காட்சிகளைக் கொண்ட கதைப்புத்தகங்களை வெளியிட்டது. அவற்றைக் கோத்து ஒட்டுவதற்கென்றே கைவினைஞர்களை அது அமர்த்திக்கொண்டது.

தட்டையாகப் போய்ச் சேர வேண்டிய பொருள்

வாழ்த்து அட்டைக்கு வழிதிறந்தது அஞ்சல் சீர்திருத்தம். 1840-ல் பிரிட்டனில் தூரம் எதுவானாலும் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஒரு பென்னி என்ற சீரான கட்டணம் வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, அந்தச் சீர்திருத்தத்தில் பங்கேற்ற ஹென்றி கோல், ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு ஒரு கிறிஸ்துமஸ் அட்டையை வரையச் செய்தார். ஏறத்தாழ ஆயிரம் பிரதிகள் அச்சாகிக் கையால் வண்ணம் தீட்டப்பட்டன. ஒன்றின் விலை ஒரு ஷில்லிங். வணிக நோக்கில் அச்சான முதல் கிறிஸ்துமஸ் அட்டையாக அது கருதப்படுகிறது.

அஞ்சல் ஒரு நிபந்தனையையும் கூடவே கொண்டுவந்தது. அட்டை உறைக்குள் தட்டையாகப் பயணம் செய்ய வேண்டும். பெறுபவர் கையில் மட்டும் பொலிவு காட்ட வேண்டும். எடை கூடினால் கட்டணமும் கூடும். எனவே, மரத்தாலோ துணியாலோ செய்ய முடியாத வேலையைத் தாள் மடிப்பு ஏற்றுக்கொண்டது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரைச் சேர்ந்த எஸ்தர் ஹௌலண்ட் இதைத் தொழிலாகவே வளர்த்தார். 1847-ல் மவுண்ட் ஹோலியோக் கல்விக்கூடத்தில் படிப்பை முடித்த அவர், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு காதலர் தின அட்டையைப் பார்த்துத் தாமே செய்யத் தொடங்கினார். சரிகைத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையில் மடித்த தாள் வில்களை வைத்து உயர்த்தினார். வேலை பெருகியபோது தம் வீட்டிலேயே பெண்களை வரிசையாக அமர்த்தினார். ஒருவர் வெட்ட, அடுத்தவர் பின்னணி ஒட்ட, மற்றொருவர் பூக்களை வைக்க, அட்டை கைமாறி நகர்ந்தது. தொழிற்சாலைகளின் தொடர்வரிசை உற்பத்தி பற்றிப் பேசும்போது இந்தப் பெண்களை நினைவுகூர்பவர் குறைவு. அது பெருங்குறை.

மியூனிக்கின் நுண்கலைஞர்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கலையின் மையம் ஜெர்மனிக்கு நகர்ந்தது. வண்ணக் கல்லச்சில் அந்நாட்டு அச்சகங்கள் முன்னணியில் இருந்தன. நுணுக்கமாக ஒட்டும் தொழிலாளர்களும் அங்கே கிடைத்தார்கள். லண்டன் நிறுவனங்கள் தம் அட்டைகளையும் நூல்களையும் அங்கே அச்சிட்டு வரவழைத்தன.

மியூனிக் ஓவியர் லோதர் மெகண்டோர்ஃபர் (1847–1925) இந்தக் காலத்தின் பெருங்கலைஞர். ஒரே நாக்குத் தாளை இழுத்தால் அவருடைய பாத்திரத்தின் கண் உருளும், கை உயரும், வாய் திறக்கும். பக்கத்தின் பின்புறத்தில் மறைந்திருக்கும் தாள் நெம்புகோல்களும், மெல்லிய செம்புக் கம்பியைச் சுருட்டிச் செய்த சிறு முளைகளும் அந்த இயக்கத்தைப் பகிர்ந்தளித்தன. 1887-ல் வெளிவந்த அவருடைய சர்க்கஸ் நூல், விரித்து நிறுத்தினால் அரங்கமாகவே மாறிவிடும். அசையும் நூல்களுக்காக இன்று அமெரிக்காவில் வழங்கப்படும் விருது அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

முதல் உலகப்போர் இந்த வணிகத்தை முறித்தது. ஜெர்மன் அச்சகங்களிலிருந்து சரக்கு வருவது நின்றது. 1929-ல் லண்டனில் பதிப்பாளர் லூயி ஜிரோ, டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழின் சிறுவர் ஆண்டு மலர் வழியே புதிய தொடக்கம் தந்தார். அதில் நாக்கும் இல்லை, நாடாவும் இல்லை. பக்கத்தைத் திறந்தாலே உருவம் தானாக நிமிரும். நான்கு பக்கமிருந்தும் பார்க்கலாம். நாம் இன்று கையில் வாங்கும் அட்டையின் இயல்பு அங்கே உறுதிப்பட்டது: திறப்பதே விசை.

பிராகிலிருந்து கொலம்பியாவுக்கு

இரண்டாம் உலகப்போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகில், கட்டடக்கலை படித்த வொய்தேக் குபாஷ்டா (1914–1992), ஆர்ட்டியா என்ற அரசுப் பதிப்பகத்துக்காகக் கதைப்புத்தகங்களையும் கிறிஸ்துமஸ் குடில் காட்சிகளையும் வடிவமைத்தார். பெரும்பாலும் ஒரே தாளை வெட்டி மடித்தே கப்பலையும் அரண்மனையையும் எழுப்பினார். ஒட்டு குறைந்தது, விலையும் குறைந்தது.

அவருடைய நூல்களைக் கண்டு வியந்த அமெரிக்க விளம்பரத் துறையாளர் வால்டோ ஹன்ட், தாமே உற்பத்தியில் இறங்கினார். 1960-களில் அவர் நடத்திய கிராஃபிக்ஸ் இன்டர்நேஷனலை வாழ்த்து அட்டைப் பெருநிறுவனமான ஹால்மார்க் வாங்கிக்கொண்டது. நூலும் அட்டையும் ஒரே கூரையின்கீழ் வந்தது இவ்வாறுதான். பின்னர் லாஸ் ஏஞ்சலிஸில் அவர் தொடங்கிய நிறுவனம், ஒட்டும் வேலையைக் கொலம்பியாவின் கலி நகருக்குக் கொண்டுசென்றது. யான் பியென்கோவ்ஸ்கியின் 'ஹாண்டட் ஹவுஸ்' (1979) அந்தக் காலத்தின் புகழ்பெற்ற நூல். சிறந்த சிறுவர் நூல் ஓவியத்துக்கான கேட் கிரீனவே பதக்கம் அதற்குக் கிடைத்தது. இத்தகைய நூல் ஒன்று முடிவதற்குள் 60 பேரின் கைகள் வரை மாறிச் செல்வதும் உண்டு.

பசையில்லாத வழி

இதற்கு நேர் எதிரான பாதையைத் தோக்கியோவில் ஒரு கட்டடக்கலைப் பேராசிரியர் கண்டார். தோக்கியோ தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த மசாஹிரோ சதானி (1934–2008), 1980-களின் தொடக்கத்தில் ஒரே தாளில் வெட்டும் மடிப்பும் மட்டுமே கொண்டு கட்டடங்களை எழுப்பினார். புத்தாண்டு அட்டைகளில் கொண்ட ஆர்வமே அதற்குத் தூண்டுதல். பசை வேண்டாம், துண்டு வேண்டாம். ஒரு கத்தி, ஓர் அளவுகோல் போதும். வீட்டில் அட்டை செய்பவர்களுக்கு அவர் செய்த உதவி பெரிது.

அதன் அடிப்படையை ஒரு சிறு பெட்டியைக் கொண்டு விளக்கலாம். 200 முதல் 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) எடையுள்ள அட்டையில் நடுமடிப்புக்கோட்டை வரைய வேண்டும். அந்தக் கோட்டுக்கு மேலே 3 செ.மீ. தொடங்கிக் கீழே 2 செ.மீ. வரை, செங்குத்தாக இரண்டு இணை வெட்டுகள் போட வேண்டும். இவற்றுக்கு இடைப்பட்ட பட்டையின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் உள்மடிப்பு வரும். வெளிமடிப்பு எங்கே வர வேண்டும்? நடுக்கோட்டுக்கு 1 செ.மீ. மேலே. அங்கே மடித்தால் பட்டை 2 செ.மீ., 3 செ.மீ. என்று பிரியும். அட்டையை 90 பாகைக்குத் திறந்தால் 2 செ.மீ. பெட்டியின் கூரையாகவும் 3 செ.மீ. அதன் முகப்பாகவும் நிற்கும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருப்பதால் அது எந்த நிலையிலும் இணைகரமே. அதனால்தான் மூடும்போது கசங்காமல் படுக்கிறது. வெளிமடிப்பு சில மில்லிமீட்டர் தவறினாலும் பெட்டி கோணும், தாள் சுருங்கும்.

நடுக்கோடு பட்டைக்குள் வரும் பகுதியை மட்டும் மடிக்காமல் விட வேண்டும். மடிப்புகளை முதலில் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடிட வேண்டும். அச்சகத்தார் கிரீசிங் என்பது இதைத்தான். தாளின் நார் ஓடும் திசையிலேயே முதன்மை மடிப்பு அமைந்தால் விளிம்பு வெடிக்காது.

கணிதமும் கப்பலும்

இன்று கடைகளில் காணப்படும் கோளம், மரம், கப்பல் அட்டைகளின் வேர் வேறு. பாதிவரை வெட்டிய தாள் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகிக் கனவடிவம் எழுப்பும் முறையை, லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் கணிதப் பேராசிரியர் ஓலாஸ் ஹென்ரிசி வளைபரப்புகளை விளக்கக் கையாண்டார். ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் கணிதப் பேராசிரியர் அலெக்சாண்டர் பிரில் 1874-ல் அத்தகைய அட்டை மாதிரிகளை உருவாக்கினார். யூக்ளிட் நூலைப் போலவே, இங்கும் வகுப்பறைதான் முதலில் வந்தது.

அமெரிக்காவில் கப்பல் வடிவமைப்புக் கல்வி பயின்ற வோம்பி ரோஸ், ஜான் வைஸ் இருவரும் வியட்நாம் பயணத்தில் இவ்வகை அட்டைகளைக் கண்டு, 2014-ல் லவ்பாப் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கப்பலின் விலா எலும்புகளைத் திட்டமிட்ட கணினி முறையிலேயே அட்டைகளை வரைகிறார்கள். லேசர் வெட்டுகிறது. செருகி ஒட்டுவது வியட்நாமின் தொழிலாளர் கைகள்.

நுட்பம் மீண்டும் ஆய்வகத்துக்கும் திரும்பியிருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வுட் குழு, 2012-ல் அடுக்குத் தகடுகளைப் பாப்-அப் நூல்போல ஒரே எழுச்சியில் நிமிரச் செய்து, 2.4 மி.மீ. உயரமுள்ள இயந்திரத் தேனீயை உருவாக்கியது. அடுத்த ஆண்டில் எரிக் டிமெய்ன் உள்ளிட்ட கணினியியலாளர்கள், விரும்பிய வடிவத்துக்கு ஏற்ற அட்டையை வடிவமைக்கும் படிமுறைகளை நிறுவிக் காட்டினார்கள்.

எழுதப்படாத பெயர்கள்

இந்த வரலாற்றில் வடிவமைப்பாளர்களின் பெயர்கள் நிலைத்திருக்கின்றன. ஒட்டியவர்களின் பெயர்கள் இல்லை. வூஸ்டர் வீட்டின் பெண்களும், ஜெர்மன் அச்சகத் தொழிலாளர்களும், கலி நகரத்து ஒட்டுநர்களும் பெயரின்றியே மறைந்தார்கள். அவர்களைப் பற்றிய தடயம் பெரும்பாலும் அட்டையின் பின்புறத்தில், எங்கே அச்சாகி எங்கே ஒட்டப்பட்டது என்று சொல்லும் சிற்றெழுத்து வரியில்தான் எஞ்சியிருக்கிறது. பழைய அட்டைகளைச் சேர்த்து வைத்திருப்போரும் நூலகங்களும் தம் பட்டியலில் அந்த வரியையும் சேர்த்துப் பதிய வேண்டும். வீட்டில் கையால் அட்டை செய்பவர்கள் அதன் பின்புறத்தில் தம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் தவறாமல் எழுதி அனுப்ப வேண்டும்.