தின்னீனும் புரவியும்

கண்ட பொருளைப் பற்றி மனிதன் பேசும் பேச்சு ஒரு விதம். காணாத பொருளைப் பற்றிப் பேசும் பேச்சு வேறொரு விதம். அரபு இலக்கியத்தில் இவ்விரண்டுக்கும் இரண்டு விலங்குகளைச் சான்றாகக் காட்டலாம். ஒன்று புரவி, அது அரபியரின் கூடார வாயிலிலேயே நின்றது. மற்றொன்று தின்னீன், கடலிலும் மேகத்திலும் உலவுவதாகச் சொல்லப்பட்ட பெருநாகம். மேலை நாட்டார் டிராகன் என்பதும் ஏறத்தாழ இதனையே. இவ்விரண்டையும் அக்கால மக்களும் அறிஞர்களும் எவ்வாறு கையாண்டனர் என்பதைச் சற்றே நோக்குவோம்.

குதிரையை அரபியர் தம் குடும்பத்தில் ஒன்றாகவே மதித்தனர். மனிதருக்கு வமிசாவளி எழுதியது போலவே குதிரைக்கும் எழுதினர். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த ஹிஷாம் இப்னுல் கல்பீ, புகழ்பெற்ற குதிரைகளின் பெயர்களையும் மரபுகளையும் 'அன்ஸாபுல் கைல்' என்னும் நூலில் தொகுத்து வைத்தார். தென்திசைக் காற்றிலிருந்து குதிரை படைக்கப்பட்டது என்னும் கதையும் அவர்களிடையே வழங்கிற்று. ஆயினும் இந்த அன்பே வெறியாகவும் மாறியது. தாஹிஸ், கப்ரா என்னும் இரு குதிரைகளின் பந்தயத்தில் எழுந்த பூசல், அப்ஸ், துப்யான் ஆகிய இரு குலங்களையும் போரில் ஆழ்த்திற்று. அப்போர் நாற்பது ஆண்டுகள் நீடித்ததாகக் கூறுவர்.

இத்தகைய மக்களிடையேதான் திருமறை இறங்கியது. அதன் 100-ஆம் அத்தியாயமாகிய 'அல் ஆதியாத்', மூச்சிரைக்க விரைந்தோடுபவற்றின் மீது ஆணையிட்டுத் தொடங்குகின்றது. அவை போர்க்குதிரைகளே என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. அடுத்து மனிதன் தன் இறைவனுக்கு நன்றி கெட்டவனாயிருப்பதை அந்த அத்தியாயம் எடுத்துரைக்கின்றது. தீனியிட்டவனுக்காகக் குதிரை உயிரையும் கொடுக்க ஓடுகின்றது. அனைத்தையும் அளித்தவனை மனிதன் மறக்கின்றான். குலப்பெருமைக்குக் கருவியாயிருந்த விலங்கு இங்கே மனிதனுக்குப் பாடமாகி நிற்பது நோக்கத்தக்கது.

இனி, தின்னீனுக்கு வருவோம். அந்தாக்கியா நகரப் பள்ளிவாசல் மினாராவின் மேற்பகுதியைக் கடலிலிருந்து எழுந்த தின்னீன் வாலால் அடித்துத் தகர்த்தது என்று அவ்வூரார் சொல்லி வந்ததை, ஒன்பதாம் நூற்றாண்டு அறிஞர் அல்ஜாஹிஸ் தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில் குறித்துள்ளார். கி.பி. 956-இல் மறைந்த மஸ்ஊதீ மேலும் ஒரு படி சென்றார். அதனை உயிருள்ள பிராணி என்போரின் கூற்றோடு, மற்றொரு சாராரின் விளக்கத்தையும் அவர் பதிவு செய்தார். கடலடியில் தோன்றும் காற்று சூறாவளியாய்ச் சுழன்றெழுந்து மேகத்தைத் தொடுகின்றது. அந்தக் கரிய தூணையே மக்கள் பாம்பென எண்ணுகின்றனர் என்பது அவ்விளக்கம். கடலில் எழும் நீர்ச்சுழலை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது.

பாரசீகக் கவிஞர் ஃபிர்தவ்ஸீ 1010-இல் நிறைவு செய்த 'ஷாஹ்நாமா'வில் இவ்விரு விலங்குகளும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. வீரன் ருஸ்தம் உறங்குகின்றான். இருளில் பெருநாகம் வருகின்றது. அவன் குதிரை ரக்ஷ் அவனை எழுப்புகின்றது, நாகமோ மறைந்துவிடுகின்றது. உறக்கம் கெட்ட ருஸ்தம், மீண்டும் எழுப்பினால் தலையைக் கொய்வதாகக் குதிரையை மிரட்டுகின்றான். அப்படியும் அது எழுப்பத் தவறவில்லை. இறுதியில் நாகம் அவன் கண்ணுக்குப் புலப்பட, குதிரையும் தன் பற்களால் அதனைக் கடித்துப் போரிடுகின்றது.

கவிஞர்கள் இவ்வாறிருக்க, வானநூலார் இரண்டையும் விண்ணில் ஏற்றினர். அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபீ சுமார் 964-இல் இயற்றிய விண்மீன் நூலில், கிரேக்கரிடமிருந்து வந்த 48 விண்மீன் குழுக்களுள் 'தின்னீன்', 'அல் ஃபரஸுல் அஃழம்' என்னும் பெருங்குதிரை ஆகிய இரண்டும் படங்களோடு இடம்பெற்றன. பாம்பைக் குறிக்கும் 'ஸுஃபான்' என்னும் அரபுச் சொல்லால் ஒரு விண்மீனை உலகம் இன்றும் அழைக்கின்றது. எகிப்தியப் பிரமிடுகள் எழுந்த காலத்தில் வடமுனை விண்மீனாக விளங்கியது அதுவே.

சூரிய சந்திரரை விழுங்கும் நாகத்தின் கதையும் இவ்வாறே கணக்கானது. இந்தியர் இராகு, கேது என்றதை அரபு வானநூலார் 'ரஃஸ்', 'தனப்' என்றனர். தலை, வால் என்பது பொருள். சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரு புள்ளிகளே அவை. கிரகணத்தின் மெய்க்காரணத்தை அறிந்திருந்தும் பிரம்மகுப்தர் இராகு கதைக்கு இடங்கொடுத்ததை, 1030 வாக்கில் எழுதிய இந்திய நூலில் அல்பீரூனீ கடிந்துரைத்தார்.

அந்தத் துணிவுக்கு முன்மாதிரி மதீனாவில் இருந்தது. ஹிஜ்ரி 10-இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பச்சிளம் மைந்தர் இப்ராஹீம் காலமான நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அம்மரணத்துக்காகவே கதிரவன் இருண்டதென மக்கள் பேசினர். பிள்ளையை இழந்த தந்தைக்கு அது ஆறுதலாகக்கூட இருந்திருக்கலாம். எனினும், எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை, அவை இறைவனின் அத்தாட்சிகள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவாக்கி, தொழுகைக்கு வழிகாட்டினார்கள்.

நம் இல்லங்கள் சிலவற்றில் இன்றும் கிரகண வேளையில் கர்ப்பிணிகளைக் கத்தி தொடாதே, வெளியே வாராதே என்று அச்சுறுத்துவதைக் காண்கிறோம். பாம்பின் பெயர் மறைந்தாலும் பாம்பின் பயம் மறையவில்லை. அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குச் சந்திரனின் பாதையை விளக்குவதும், அவர்களோடு தொழுகைக்கு நிற்பதும் நம் கடமையாகும். உறங்குவோரை எழுப்பும் ரக்ஷின் பணி அது. எழுப்புகிறவர் மீது சிலர் சினங்கொள்ளினும் அதனைக் கைவிடலாகாது.