ஆறாம் வகுப்பும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டும்: நடுநிலைப் பருவத்தில் பெற்றோருக்கு உரிய இடம்

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளைப் பற்றி ஆசிரியர் அறைகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முடியும்: "இந்தப் பெற்றோருக்கு அக்கறையே இல்லை." இந்தத் தீர்ப்பு தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். பெற்றோரின் அக்கறை ஆறாம் வகுப்பில் குறைந்துவிடுவதில்லை. அதைச் செலுத்துவதற்கான வழிதான் அடைபடுகிறது. தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டையும் அதன் அருகிலுள்ள தமிழ்ப் பள்ளிகளையும் முன்வைத்து இதை ஆராயலாம்.

மார்க்கெட்டின் நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். மீன் காசிப்பூர் மொத்தச் சந்தையிலிருந்தும், காய்கறி ஆசாத்பூர் மண்டியிலிருந்தும் வந்து இறங்க வேண்டும். முருங்கைக்காய், வாழைக்காய், சேனை, கறிவேப்பிலை, தேங்காய் என்று தென்னிந்தியச் சமையலுக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும் இடம் என்பதால் தில்லியின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் தேடி வருகிறார்கள். கடையை அடைக்க இரவாகிவிடும். இங்கே கடை வைத்திருப்பவரும், மீன் வெட்டித் தருபவரும், கூலிக்கு மூட்டை இறக்குபவரும் பகல் 11 மணிக்குப் பிள்ளையின் ஆசிரியரைப் பார்க்க வேண்டுமானால் அன்றைய வருமானத்தில் ஒரு பங்கை இழந்தாக வேண்டும். அவர் வராததைப் பள்ளி பதிவு செய்கிறது. அந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

நேரம் ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை பள்ளி அமைப்பிலேயே இருக்கிறது. தில்லி மாநகராட்சியின் தொடக்கப் பள்ளிகள் ஐந்தாம் வகுப்போடு முடிகின்றன. அங்கே படித்த பிள்ளை ஆறாம் வகுப்புக்குத் தில்லி அரசின் கல்வி இயக்ககத்தின் பள்ளிக்கு மாற வேண்டும். ஒன்று முதல் பன்னிரண்டு வரை நடக்கும் சர்வோதயப் பள்ளிகளில் இந்த மாற்றம் இல்லை என்றாலும், அங்கும் ஒரே வகுப்பாசிரியர் இருந்த இடத்தில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வந்துவிடுகிறார். ஐந்து ஆண்டுகள் வாசலில் நின்று பேசிப் பழகிய முகம் போய்விடுகிறது. இயற்கணிதமும் ஆங்கிலத்தில் அறிவியலும் வீட்டுக்குள் வருகின்றன. 'எனக்கு என்ன தெரியும், நான் போய் என்ன கேட்பது' என்று அம்மாவும் அப்பாவும் ஒதுங்குவது இந்தக் கட்டத்தில்தான். பிள்ளைக்கும் அது பெற்றோரிடமிருந்து சற்று விலகி நிற்க விரும்பும் வயது. இந்த இரண்டு விலகல்களும் ஒரே ஆண்டில் நேர்கின்றன.

இங்கே ஓர் ஆய்வு முடிவு மிகவும் உதவுகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் நான்சி ஹில், டயானா டைசன் இருவரும் நடுநிலைப் பள்ளிப் பருவம் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பகுத்து 2009-இல் வெளியிட்டார்கள். பெற்றோர் பள்ளிக்கு வந்து பங்கேற்பது மாணவரின் தேர்ச்சியோடு ஓரளவு தொடர்புடையது. வீட்டுப்பாடத்தில் உதவுவதற்கு அப்படிப்பட்ட நிலையான பலன் தெரியவில்லை. மிக வலுவான தொடர்பு கொண்டிருந்தது வேறொன்று: படிப்பு எதற்கு, அது எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும், உன்னிடம் நான் எதிர்பார்ப்பது என்ன, எப்படித் திட்டமிட்டுப் படிப்பது என்று பிள்ளையோடு பேசுவது. அமெரிக்கக் குடும்பங்களின் முடிவை அப்படியே தில்லிக்குப் பொருத்த முடியாது. ஆனால் இந்தப் பேச்சுக்கு ஆங்கிலம் வேண்டாம், பட்டம் வேண்டாம், இயற்கணிதமும் வேண்டாம். இரவு கடை அடைத்து வந்தபின் சாப்பாட்டுத் தட்டின் முன் தமிழில் பேசலாம். பாடம் சொல்லித்தரத் தெரியாததால் தகுதியற்றவராகத் தம்மை நினைத்துக்கொள்ளும் பெற்றோரிடம் இந்த உண்மையை யாராவது சொல்லியிருக்கிறார்களா? பள்ளிதான் சொல்ல வேண்டும்.

சட்டம் பள்ளியின் கடமையைத் தெளிவாகவே வகுத்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 24-ஆம் பிரிவில், பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் வருகையையும் கற்றல் திறனையும் முன்னேற்றத்தையும் எடுத்துச் சொல்வதை ஆசிரியரின் பணியாக வைக்கிறது. 21-ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். ஆனால் 2012-இல் வந்த திருத்தம் அரசு உதவிபெறும் பள்ளிகளில் இக்குழுவை ஆலோசனை சொல்லும் குழுவாக மட்டும் ஆக்கிவிட்டது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் உதவிபெறும் வகையைச் சேர்ந்தவை.

இதில் எனக்கு வருத்தம் உண்டு. காரணம் அக்கழகத்தின் வரலாறு. தலைநகருக்குப் பிழைக்க வந்த தென்னிந்தியர்கள் தங்கள் பிள்ளைகள் படிக்க இடம் வேண்டி, மதராஸி கல்விச் சங்கம் என்ற பெயரில், 1923-இல் தொடங்கியது அது. இன்று மந்திர் மார்க், லோதி எஸ்டேட், மோதிபாக், ராமகிருஷ்ணபுரம், பூசா ரோடு, ஜனக்புரி என்று பரவி ஏழு பள்ளிகளாக நிற்கிறது. ஏழில் ஒன்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே, லட்சுமிபாய் நகரில். பள்ளி பெற்றோரை அழைத்ததல்ல இங்கே நடந்தது. பெற்றோர் பள்ளியை உண்டாக்கினார்கள்.

தில்லி அரசு 2016 ஜூலை 30 அன்று தன் பள்ளிகள் அனைத்திலும் ஒரே நாளில் பெற்றோர் கூட்டம் நடத்தியதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அரசுப் பள்ளிப் பெற்றோரை விருந்தினராக மதித்து அழைத்த முயற்சி அது. அந்த நாள் சனிக்கிழமை. சந்தையில் வியாபாரம் மிகுந்த நாள். கூட்டம் எந்தக் கிழமை என்று முடிவெடுக்கும்போது யாருடைய வேலைநாள் அளவுகோலாகிறது என்பதைக் கேட்டே ஆக வேண்டும்.

பெற்றோருக்கும் பள்ளிக்கும் இடையிலான வழி எவ்வளவு எளிதில் அறுந்துபோகும் என்பதற்கு அண்மைச் சான்று ஜங்புராவின் மதராஸி கேம்ப். பாராபுல்லா வாய்க்காலை ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த அந்தக் குடியிருப்பு, உயர் நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கே நகரின் வடகோடியில் நரேலாவில் மாற்று வீடு கிடைத்தது. அங்கிருந்த தாய்மார் பலர் சுற்றுப்புற வீடுகளில் வேலை செய்தவர்கள். பிள்ளைகள் அருகிலிருந்த பள்ளிகளில் படித்தவர்கள். நரேலாவில் வீடு, தென்தில்லியில் வேலை என்றானபின் அந்தத் தாயிடம் பள்ளிக்கு வரவில்லையே என்று யார் கேட்க முடியும்?

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையில் ஒரு நல்ல கதவு இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் பத்து நாள் புத்தகப் பையின்றித் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்ற உள்ளூர்த் தொழில் வல்லுநரிடம் மாணவர் பயில வேண்டும் என்கிறது அது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இத்தகைய வல்லுநருக்குப் பஞ்சமில்லை. அவர்களில் பெற்றோரும் இருக்கக்கூடும். ஆசாத்பூரில் வாங்கிய விலை, வண்டிக்கூலி, அழுகிக் கழியும் காய், எடை, லாபம் என்று ஒரு காய்கறிக் கடைக்காரர் தினமும் மனக்கணக்காகப் போடுவதுதான் இந்த வகுப்புகளின் விகிதமும் சதவீதமும் லாப நட்டமும். மீன்காரருக்குத் தெரிந்த உயிரியல் செவுளின் நிறத்திலிருந்து தொடங்குகிறது. சக மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு தன் அப்பாவின் கடைமுன் நின்று அவரிடம் கேள்வி கேட்பதைப் பார்த்த பிள்ளை, அவரைப் பள்ளிக்கு அழைத்துப்போகக் கூச்சப்பட மாட்டாள். அவரும் அடுத்த முறை, பாடம் தெரியாதவராக அல்லாமல் பாடம் சொன்னவராகப் பள்ளி வாசலுக்கு வருவார்.

லட்சுமிபாய் நகர்ப் பள்ளிக்கும் அதைப் போன்ற பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கல்வியாண்டில் ஆறாம் வகுப்பின் முதல் பெற்றோர் கூட்டத்தை இரவு கடை அடைத்த பிறகு, தமிழும் இந்தியும் பேசும் ஆசிரியர்களோடு நடத்துங்கள். மதிப்பெண் பட்டியலை அன்று எடுக்காதீர்கள். பையில்லாத பத்து நாளில் இரண்டு நாளையாவது மார்க்கெட்டுக்குக் கொடுங்கள்.