துருவ நட்சத்திரம்: நிலைமீனின் வரலாறும் கேமரன்மலை வானமும்

துருவ நட்சத்திரம் என்பது வடவானில் இடம் மாறாமல் நிற்பதுபோல் தெரியும் விண்மீன். சிறுகரடி மண்டலத்தின் வால் நுனியில் இருக்கிறது. வானியலார் போலாரிஸ் என்பார்கள். பலர் நினைத்திருப்பதுபோல் இது வானத்திலேயே ஒளி மிகுந்த மீன் அல்ல. பிரகாச வரிசையில் நாற்பது மீன்களுக்குப் பின்னால்தான் வரும். அதன் புகழ் முழுவதும் அது இருக்கும் இடத்தால் வந்தது. பார்ப்பவர் இருக்கும் இடத்தைப் பொறுத்து அந்தப் புகழும் கூடும், குறையும். மலேசியாவில் பகாங் மாநிலத்துக் கேமரன்மலைத் தேயிலைத் தோட்டங்களில், பள்ளத்தாக்கில் வீடு உள்ளவர்கள் ஆயுள் முழுக்க வாசலில் நின்றாலும் அதைப் பார்க்காமலே போகலாம்.

அது ஏன் அசையாதது போலிருக்கிறது? பூமி 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. நாம் அதை உணர்வதில்லை. வானம்தான் சுற்றுகிறது என்று கண் சொல்கிறது. பூமியின் அச்சை வடக்கே நீட்டினால் வானில் எந்தப் புள்ளியைத் தொடுமோ, அந்தப் புள்ளி மட்டும் நகராது. போலாரிஸ் அதன் அருகே, முக்கால் பாகைக்கும் குறைவான தள்ளலில் இருக்கிறது. ஆகவே அதுவும் தினமும் ஒரு வட்டம் போடத்தான் செய்கிறது. முழுநிலவைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அகலமான வட்டம். வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது, இரவு முழுக்கத் திறந்து வைத்த கேமராவில் சிறு வில்லாக விழும். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஆறு மாதத்தில் 30 கோடி கிலோமீட்டர் இடம்பெயர்கிறதே, அது ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். மீன் இருக்கும் தொலைவு அப்படி. அங்கிருந்து ஒளி வந்து சேர 400 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

இந்த நிலைத்தன்மைக்கு இந்திய மரபு ஒரு சிறுவனின் பெயரைக் கொடுத்தது. தகப்பன் மடியில் உட்கார இடம் மறுக்கப்பட்டுக் காட்டுக்குப் போய்த் தவமிருந்த துருவனின் கதை விஷ்ணு புராணத்திலும் பாகவதத்திலும் வருகிறது. பாகவதத்தின் ஐந்தாம் கந்தம் ஒருபடி மேலே போய், சூடடிக்கும் களத்தில் நடுவே நட்ட கம்பத்தைச் சுற்றி மாடுகள் வருவதுபோல் கோள்களும் மீன்களும் துருவனைச் சுற்றி வருகின்றன என்கிறது. களத்துமேட்டைப் பார்த்தவர்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

திருமண இரவில் மணப்பெண்ணுக்குத் துருவனைக் காட்டும்படி கிருஹ்ய சூத்திரங்கள் சொல்கின்றன; தமிழ்நாட்டு வழக்கில் அருந்ததி முந்திக்கொண்டுவிட்டது. ஆனால் அந்தச் சூத்திரங்கள் சொன்ன துருவன் எது? 1893இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் யாக்கோபி இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். அது போலாரிஸாக இருக்க முடியாது, துபான் என்ற மீனாகத்தான் இருக்க வேண்டும் என்று வாதிட்டு, அதைக் கொண்டு வேத காலத்தையே பின்னுக்குத் தள்ளினார். பல அறிஞர்கள் அவரது காலக்கணிப்பை ஏற்கவில்லை. ஆனால் கேள்வியின் அடிப்படை சரியானதுதான்.

காரணம், பூமியின் அச்சே மெல்லத் திசை மாறுகிறது. நடுக்கோட்டுப் பகுதியில் பூமி புடைத்திருக்கிறது; துருவத்தைவிட அங்கே ஆரம் 21 கிலோமீட்டர் அதிகம். அந்தப் புடைப்பை நிலவும் சூரியனும் இழுப்பதால் அச்சு சுமார் 26,000 ஆண்டுகளில் வானில் ஒரு பெருவட்டம் வரைகிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க வானியலார் ஹிப்பார்க்கஸ் இந்த நகர்வைக் கண்டறிந்தார். நியூட்டன் 1687இல் காரணம் சொன்னார். கி.மு. 2800 வாக்கில் துபான்தான் துருவமீன். பிறகு நெடுங்காலம் அந்த இடம் காலியாகவே கிடந்தது. கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கடலோடி பித்தியாஸ், துருவத்தில் மீன் எதுவும் இல்லை என்றே பதிந்திருக்கிறார். ஷேக்ஸ்பியர் தன் ஜூலியஸ் சீசரை வடமீனைப்போல் அசையாதவன் என்று பெருமை பேசவிட்டார். சீசர் வாழ்ந்த நாளில் அப்படியொரு மீனே வானில் கிடையாது. போலாரிஸ் 2100ஐ ஒட்டித்தான் துருவத்துக்கு மிக அருகே வரும். அதன்பின் விலகத் தொடங்கும். இன்னும் 12,000 ஆண்டுகளில் வேகா என்ற மீன் அதன் வேலையைப் பார்க்கும்.

கடலோடிகளுக்கு அது நிற்பதைவிட அதன் உயரம்தான் முக்கியம். தொடுவானிலிருந்து துருவமீன் எத்தனை பாகை மேலே இருக்கிறதோ, ஏறத்தாழ அதுவே நிற்கும் இடத்தின் அட்சரேகை. அராபியர் இதை விரல் கணக்கில் அளந்தார்கள். சோழமண்டலக் கரையின் மாலுமிகளிடம் இராப்பலகை இருந்தது: சிறு மரப்பலகை, நடுவே ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ்விளிம்பைத் தொடுவானிலும் மேல்விளிம்பை மீனிலும் பொருத்துவார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் இந்தக் கருவியை விவரித்து எழுதியிருக்கிறார். தெற்கே போகப் போக இந்த வித்தை பலிக்காது. பதினைந்தாம் நூற்றாண்டில் போலாரிஸ் துருவத்திலிருந்து மூன்றரைப் பாகை விலகியிருந்தது. இரண்டு பாகை அட்சரேகையிலுள்ள மலாக்காவில் அது தினமும் கொஞ்ச நேரம் கடலுக்குள் மூழ்கியிருக்கும். அந்த நூற்றாண்டின் அராபிய வழிகாட்டி இப்னு மாஜித் துருவமீனோடு நின்றுவிடாமல், ஃபர்கதான் என்னும் அடுத்த இரு மீன்களையும் சேர்த்து அளவு சொன்னதற்கு இந்தத் தென்கடல்களும் ஒரு காரணம்.

தோட்டத் தொழிலுக்காக மலாயா வந்த தமிழர்களும் இந்த இறக்கத்தைக் கடந்துதான் வந்தார்கள். நாகப்பட்டினத்தில் துருவமீன் சுமார் 11 பாகை உயரத்தில் நிற்கும். கப்பல் பினாங்கைத் தொடும்போது ஐந்தரைதான். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் படுத்து வந்தவர்களுக்கு அதைக் கவனிக்க மனம் இருந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

கேமரன்மலைக்கு அந்தப் பெயரைத் தந்த வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் இங்கே வந்தார். ரசல் என்பவர் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். சரிவுகளில் வேலை செய்ய வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கேமரன்மலையிலுள்ள தானா ராத்தா என்ற ஊரின் அட்சரேகை ஏறத்தாழ நான்கரைப் பாகை. போலாரிஸ் இங்கே 3.8 பாகைக்கும் 5.1 பாகைக்கும் இடையில் ஏறி இறங்குகிறது. ஊருக்கு வடக்கே ஐந்தாறு கிலோமீட்டரில் 2,031 மீட்டர் உயரப் பிரிஞ்சாங் சிகரம். ஊரோ 1,400 மீட்டரைச் சற்றே தாண்டியது. கணக்குப் போட்டால் சிகரம் ஆறு பாகையை மறைக்கிறது. துருவன் மலைக்குப் பின்னால் நிற்கிறான்! மலை மறைக்காத இடத்திலும் சிக்கல் தீராது. அவ்வளவு தாழ்வில் ஒளி காற்றை நெடுந்தூரம் ஊடுருவி வர வேண்டியிருப்பதால் மங்கிவிடும். மூடுபனி உண்டு. போதாக்குறைக்கு, செவ்வந்தி சீக்கிரம் பூத்துவிடாதிருக்க இரவில் விளக்கெரியும் பூந்தோட்டக் கூடாரங்களும் வந்துவிட்டன.

பார்க்க விரும்புகிறவர்கள் வடக்கே திறந்த ஓர் உயரமான இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். மே மாதம் இரவு ஒன்பது மணிவாக்கில் சப்தரிஷி மண்டலம் வடக்கே உயர்ந்து நிற்கும். அதன் முன்பக்கத்து இரு மீன்களை இணைக்கும் கோட்டைக் கீழ்நோக்கி ஐந்து மடங்கு நீட்டுங்கள். கையை நீட்டி, ஒட்டிய மூன்று விரல்களைத் தொடுவானின் மேல் படுக்கையாக வைத்தால் போலாரிஸ் மேல்விரலை ஒட்டி இருக்க வேண்டும். ஆண்டு இறுதியில் காசியோப்பியா என்ற மண்டலத்தை வைத்தும் தேடலாம். ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம், மேகம் விடாது.