மலைநாட்டுக் குளிரும் ஒரு கம்பளியும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசர்களின் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் எழுதுவர். குளிர்ந்த இரவொன்றை ஏழைக் குடும்பம் எவ்வாறு கழித்தது என்பதை எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும் மனிதகுலம் இன்றுவரை நின்று நிலைத்திருப்பதற்கு வாளும் வேலும் மாத்திரம் காரணம் அல்ல. ஒரு போர்வை, ஓர் அடுப்புத் தீ, ஒரு மிடறு வெந்நீர், பக்கத்தில் அமர்ந்து பேச ஒரு துணை ஆகிய இவையும் காரணமாகும். இச்சிறு பொருள்களின் வரலாறும் வரலாறே.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நமக்குக் குளிர் என்பது பெரும்பாலும் ஏட்டளவில் அறிந்த செய்தி. திருவெம்பாவைக் காலத்தில் விடியற்காலை நீராடிக் கோயிலுக்குச் செல்லும்போது உடல் சிறிது சிலிர்க்கும். மழை நாளில் அன்னையர் கொத்தமல்லித் தண்ணீர் வைத்துத் தருவர். அவ்வளவே நாம் அறிந்த குளிர். ஆனால் இதே தீவில், கொழும்பிலிருந்து நூறு மைல் அளவு சென்றால், தை மாதத்து விடியலிற் புல்லின்மேல் வெண்பனி உறைந்து கிடக்கும் நுவரெலியா இருக்கின்றது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்தது அந்நகர். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகை அளவு வெப்பம் குறையும் என்பது இயற்கையின் கணக்கு. கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பம் 27 பாகை சதமளவு என்றால், நுவரெலியாவில் அது 16 பாகை அளவே. சில தை, மாசி இரவுகளில் நிலத்தை ஒட்டிய வெப்பம் உறைநிலைக்கே இறங்கிவிடும். அப்போது தேயிலைக் கொழுந்தும் கருகிப் போகும். செடியே கருகும் இடத்தில் மனிதன் எவ்வாறு வாழ்ந்தான்?

குளிரைப் பற்றி நம் முன்னோர் அறியாதவர் அல்லர். ஆண்டை ஆறு பருவமாக வகுத்த அவர்கள், கூதிர், முன்பனி, பின்பனி என மூன்றைக் குளிருக்கே ஒதுக்கினர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையை இயற்றிய நக்கீரர், வாடைக்காற்று வீசும் காலத்தை ஓர் ஓவியம் போலத் தீட்டியிருக்கின்றார். மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்த ஆயர்கள் கொள்ளியைக் கையிற் பிடித்துக் குளிர் காய்கின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. நகரத்து மாளிகைகளிற் சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கின்றது. விசிறிகள் மடக்கித் தொங்கவிடப்படுகின்றன. சாளரக் கதவுகள் திறக்கப்படுவதில்லை. மக்கள் குளிர்ந்த நீரை விடுத்துத் தடவு எனப்படும் கணப்புச் சட்டியின் நெருப்பை நாடுகின்றனர். ஆடல் மகளிர் குளிரால் நிலை திரிந்த யாழ் நரம்பைத் தம் மார்பின் வெம்மையில் தடவிப் பண்ணுக்கு ஏற்பச் சரி செய்கின்றனர்! ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழன் குளிருக்குக் கண்ட மருந்துகள் இவை: நெருப்பு, அடைத்த கதவு, அகிற்புகை, ஆடை, உடலின் சூடு.

இவற்றோடு இன்னொன்றையும் தமிழ் மரபு சேர்த்து வைத்தது. அதுவே ஈகை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன், மழைக்கால மலைச்சாரலில் அகவிய மயில் குளிரால் நடுங்குகின்றது எனக் கருதித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்பது சங்கப் புலவர்கள் போற்றிய செய்தி. மயில் போர்வையை உடுத்துமா, மடித்து வைக்குமா என்று அவன் ஆராயவில்லை. திருப்பித் தருமா என்றும் கேட்கவில்லை. அறிவுக்குப் பொருந்தாத கொடை என்று சிலர் நகைக்கலாம். ஆனால், குளிரும் உயிரைக் கண்டவன் முதலிற் செய்ய வேண்டியது போர்த்துவதே, கணக்குப் பார்ப்பது அன்று, என்னும் அறம் அக்கதையில் உண்டு. இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

நுவரெலியாவின் குளிரை நாடி இருவகை மக்கள் வந்தனர். முதல் வகையினர் அதனை இன்பமாகக் கருதி வந்தவர். 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த எட்வேட் பார்ண்ஸ், வெப்பத்தால் நலிந்த ஆங்கிலேயர் உடல் தேறுவதற்கு உகந்த இடமாக அதனை ஆக்கினார். 1840களின் பிற்பகுதியிற் சாமுவேல் பேக்கர் அங்கே குடியேறி, இங்கிலாந்துக் கிராமம் ஒன்றை உருவாக்க முயன்றார். அவர்கள் கட்டிய மாளிகைகளிற் கணப்படுப்பு உண்டு, புகைபோக்கி உண்டு, கண்ணாடிச் சாளரம் உண்டு. குளிர் அவர்களுக்குத் தாயகத்தின் நினைவு.

இரண்டாம் வகையினர் தமிழகத்தின் வெயில் நிலத்திலிருந்து வந்த தொழிலாளர். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய இடங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டு வந்தவர்கள் அவர்கள். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியிற் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டோர் பலர். பிழைத்து மலை ஏறியவர்களை எதிர்கொண்டது, அவர்கள் பிறந்த மண்ணில் ஒருநாளும் கண்டிராத குளிர். அவர்களிடம் இருந்ததோ ஒரு பருத்தி வேட்டி அல்லது ஒரு சேலை.

கோப்பிக் காலத்தில் நிலைமை ஓரளவு வேறாக இருந்தது. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பியோர் பலர். கோப்பித் தோட்டங்களும் பெரும்பாலும் நடுத்தர உயரத்திலேயே இருந்தன. 1867 இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1885 இற் புகையிரதம் நானுஓயா வரை ஏறியது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டியது. குளிர்ந்த உயரத்தில் மெல்ல வளரும் கொழுந்துக்கு மணமும் விலையும் அதிகம். ஆகவே குடும்பம் குடும்பமாக மக்கள் உச்சி மலைகளிலேயே நிலைத்து வாழும்படி ஆயிற்று. தேயிலைக்கு நன்மை செய்த குளிர் தொழிலாளியின் எலும்பைத் துளைத்தது.

அங்கேதான் கம்பளி வரலாற்றிற் புகுகின்றது. தக்காணத்துக் குறும்பர் முதலிய ஆட்டிடையர் செம்மறியின் உரோமத்தை நூற்று நெய்த கரடுமுரடான கறுப்புப் போர்வையே கம்பளி. கம்பளம் என்னும் பழஞ்சொல்லின் வழிவந்த இப்பெயர், தோட்டத்துரைமாரின் ஆங்கிலத்திலும் ‘கம்ளி’ என்று குடியேறிவிட்டது. உடலிற் பட்டால் உறுத்தும். நனைந்தால் நாறும். ஆயினும் அதன் பயன் பெரிது. உரோம இழைகளுக்கு இடையே சிறைப்பட்ட காற்று உடலின் சூட்டை வெளியே விடாது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தை உறிஞ்சினாலும் கம்பளி உடனே சில்லிடுவதில்லை. பருத்திக்கு இந்தக் குணம் இல்லை. பகலில் மழைக்கும் பனிக்கும் தலையிற் போட்டு, அதன்மேற் கூடைக் கயிற்றை மாட்டிக் கொழுந்து எடுத்தனர். இரவில் அதுவே பாயும் போர்வையும் ஆயிற்று. பிள்ளைக்கு அதுவே தொட்டிலும் ஆயிற்று.

அன்பர்களே, இந்தக் கம்பளியைத் தோட்டம் இலவசமாகக் கொடுத்ததோ? அதுதான் இல்லை. வழிச்செலவு, அரிசி முதலியவற்றோடு கம்பளியின் விலையும் தொழிலாளியின் பேரிற் கடனாக எழுதப்பட்டது; சம்பளத்திற் கழிக்கப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல விரும்பினால், அவன் கடன் இவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ கையில் வேண்டும். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். கடன் மாத்திரம் அவனோடு கூடவே செல்லும். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் வழிவந்தோர், தம் உடலைப் போர்த்திய கம்பளிக்காகக் கடனாளி ஆயினர். குளிரைத் தடுத்த பொருளே விலங்காகவும் மாறியது என்றால் அது மிகையன்று.

கம்பளிக்கு அடுத்த துணை நெருப்பு. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவினதாகிய லயக் காம்பராவில், ஒரு மூலையில் அடுப்பு எரிந்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் மிலாறுதான் விறகு. மாலையில் நனைந்து திரும்பியவர்கள் அதனைச் சுற்றி அமர்ந்து கையையும் காலையும் காய்ச்சிக்கொண்டனர். ஈரக் கம்பளியும் அதன்மேலே தொங்கி உலர்ந்தது. ஆனால் அங்கே புகைபோக்கி இல்லை. குளிருக்கு அஞ்சிக் கதவை அடைத்தால் புகை நெஞ்சை அடைக்கும். புகைக்கு அஞ்சிக் கதவைத் திறந்தால் பனி உள்ளே புகும். பங்களாவில் இருந்த கணப்புக்கும் லயத்தில் இருந்த அடுப்புக்கும் நெருப்பில் வேற்றுமை இல்லை, புகைபோக்கியில்தான் வேற்றுமை. இருமலும் நெஞ்சு நோயும் அவ்வேற்றுமையின் விளைவுகள்.

மூன்றாவது துணை தேநீர். நல்ல தேயிலை பெட்டியில் ஏறிக் கப்பலுக்குச் சென்றது. தொழிலாளிக்குக் கிடைத்தது தூள். அதனைக் கொதிநீரிற் போட்டு, பாலின்றி, கருப்பட்டித் துண்டையோ சீனியையோ சிறிது வாயிலிட்டுக் குடித்தனர். விடியற்காலையில் தப்பொலி கேட்டு எழுந்து, பிரட்டுக்களத்துக்குப் போகுமுன் அந்தச் சுடுசாயமும் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் வயிற்றிற் சென்றால்தான் விரல்கள் மடங்கும். விரல் மடங்கினால்தான் கொழுந்து ஒடியும்.

நான்காவது துணையைக் கடையில் வாங்க இயலாது. அது கூட்டுறவு. மார்கழியில் தோட்டத்து மாரியம்மன் கோயில்களிற் பஜனை நடப்பது மலைநாட்டு வழக்கம். பனி மூடிய இருளில் லயம் லயமாகப் பாடிச் செல்லும் கூட்டத்திற் குழந்தைகளும் கம்பளிக்குள் முகம் புதைத்துக்கொண்டு நடப்பர். கோயிலிற் கிடைக்கும் சுடு பொங்கலுக்காகவே அவர்கள் வந்தார்கள் என்று சொன்னாலும் குற்றம் இல்லை. பக்தியும் பசியும் குளிரும் ஒரே இடத்திற் கூடும்போது, அங்கே சமூகம் பிறக்கின்றது. தப்பும் தாளமும் வெறுங் கேளிக்கை அல்ல. குளிரில் ஒடுங்கிய உயிரை நிமிர்த்திய மருந்து.

இச்சிறு ஆறுதல்களை எண்ணி, ‘ஏழை எதிலும் இன்பம் காண்பான்’ என்று பேசி முடித்துவிடுதல் எளிது. அது பெரும் பிழை. ஆறுதல் வேறு, நீதி வேறு. நெருப்பருகே அமர்ந்து குளிரை மறந்தவன் தன் உரிமையையும் மறந்துவிட வேண்டும் என்பதில்லை. இதனை உணர்ந்த பெரியோர் கொழும்பிலும் இருந்தனர். சேர். பொன்னம்பலம் அருணாசலம் 1915 இற் சமூக சேவைச் சங்கத்தையும், 1919 இல் தொழிலாளர் சேமநலச் சங்கத்தையும் நிறுவி, தோட்டத் தொழிலாளரைப் பிணித்த சட்டங்களுக்கு எதிராகக் குரல் எழுப்பினார். கொச்சிக்கடையிற் பொன்னம்பலவாணேசர் கோயிலை எழுப்பிய பொன்னம்பல முதலியாரின் மைந்தர் அவர் என்பதைக் கொட்டாஞ்சேனை அன்பர்கள் அறிவர். 1921 இல் துண்டு முறை ஒழிந்தது. பின்னர் கோ. நடேசையர் பத்திரிகை வாயிலாகவும், 1931 இல் தொடங்கிய தொழிலாளர் சம்மேளனம் வாயிலாகவும் மலைகளில் விழிப்பை ஊட்டினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் பாட்டுக்களால் அப்பணியை வளர்த்தார். பஜனையிற் கூடிப் பாடிப் பழகிய மக்களிடம் உரிமைப் பாட்டும் எளிதிற் பரவியது வியப்பன்று.

அதன் பின்னும் குளிர் விடவில்லை. 1948 இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கியது. 1964 இல் ஏற்பட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்றும் மக்களைத் தொகையாகப் பிரித்தது. ‘தாயகம் திரும்பியோர்’ பலருக்காக 1968 இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. மறுபடியும் மலை, மறுபடியும் தேயிலை, மறுபடியும் கம்பளி! எஞ்சியிருந்த நாடற்றோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறியது. 2023 இல், மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாக, அவர்தம் முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது.

இந்திய உதவியோடு மலைநாட்டிற் புதிய தனி வீடுகள் எழுந்துள்ளன, இன்னும் எழுகின்றன. ஆனால் பழைய லயங்களிலேயே இன்றும் குளிர் காயும் குடும்பங்கள் பல.

இளைஞர்களே, நாம் நாள்தோறும் அருந்தும் தேநீரின் சூட்டில் யாரோ ஒருவர் தாங்கிய குளிர் கலந்திருக்கின்றது. மார்கழி தோறும் மலைநாட்டுக்குப் போர்வை அனுப்புதல் நற்பணியே. அதனைத் தவறாது செய்வோம். ஆனால் போர்வையோடு நம் கடமை தீர்ந்தது என்று கருதுதல் ஆகாது. அடுப்புக்குப் புகைபோக்கி வேண்டும். வீட்டுக்கு உறுதி வேண்டும். பிள்ளைக்குப் பள்ளி வேண்டும். நாம் கொடுக்கும் பொருளைக் கொடுத்த கணக்காக எழுதி மேடையில் வாசிக்கவும் வேண்டியதில்லை. கம்பளிக்குக் கணக்கு எழுதிய காலம் ஒன்று இருந்தது. அதன் வடு இன்னும் ஆறவில்லை. கணக்கு எழுதாமற் போர்த்திய பேகனின் மரபே நம் மரபு என்பதைச் செயலாற் காட்டுவோமாக.