டாங்கியை விற்றுக் கட்டிய பள்ளிக்கூடம்

பழைய இரும்புக்கு என்ன விலை கொடுப்பார்கள் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த அளவு ஆண்களுக்குத் தெரியாது. ஓட்டைக் குடத்தையும் உடைந்த வாணலியையும் பரண்மேல் பத்திரப்படுத்தி வைத்திருந்து, பேரீச்சம்பழக்காரன் தெருவில் கூவும்போது பேரம் பேசிப் போடுகிறவர்கள் அவர்கள்தாம். ஆனால் ஒரு யுத்த டாங்கியைப் பழைய இரும்பாகப் போட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்டால், அவர்களும் கொஞ்சம் திகைத்துத்தான் போவார்கள்.

1945-ஆம் வருஷம், இத்தாலி தேசத்தில் ஒரு கிராமத்துப் பெண்களுக்கு முன்னால் அந்தக் கேள்வி வந்து நின்றது. அவர்கள் திகைக்கவில்லை. ஒரு டாங்கிக்குக் குழந்தைகள் பள்ளிக்கூடம் ஒன்று கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கிராமத்தின் பெயர் வில்லா செல்லா. வட இத்தாலியில், போ நதியின் சமவெளியில், ரெஜ்ஜோ எமிலியா என்ற நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நல்ல வயல்களும் பால் மாடுகளும் நிறைந்த சீமை. உலகம் முழுவதும் பேர் வாங்கிய பாலாடைக்கட்டி ஒன்று அந்த நகரத்தின் பெயரைத் தன் பெயரில் சுமந்துகொண்டிருக்கிறது. ஊரின் பெயர் செல்லா என்றாலும் அது செல்லாக் காசு அல்ல என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

1945 ஏப்ரல் மாதக் கடைசியில் அந்தப் பிரதேசம் விடுதலை பெற்றது. இருபது வருஷத்துக்கு மேல் நடந்த பாசிஸ்டு ஆட்சியும் ஜெர்மானியரின் ஆக்கிரமிப்பும் ஒருங்கே ஒழிந்தன. பின்வாங்கி ஓடிய ஜெர்மானியப் படை ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் சில குதிரைகளையும் அங்கே போட்டுவிட்டுப் போய்விட்டது. இவற்றை விற்றால் பணம் வரும். அந்தப் பணத்தை என்ன செய்வது? ஒரு நாடகக் கொட்டகை கட்டலாம் என்று ஆண்கள் பக்கத்தில் ஒரு யோசனை எழுந்ததாகவும், பெண்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்றும் ஒரு கதை உண்டு. பொழுதுபோக்கை மறந்து கிடந்த ஜனங்கள் கொட்டகை கேட்டது குற்றமல்ல. ஆனால் வயலுக்கும் கூலிக்கும் போகிற தாய்மாருக்கு, குழந்தையை எங்கே விட்டுவிட்டுப் போவது என்ற கவலை தினந்தோறும் விடிகிறதே! பெண்கள் கட்சிதான் ஜெயித்தது.

ஒரு குடியானவர் நிலம் கொடுத்தார். குண்டு விழுந்து இடிந்த வீடுகளிலிருந்து செங்கல்லும் உத்தரமும் வந்தன. ஆற்றிலிருந்து மணல் வந்தது. கூலி என்று யாரும் வாங்கவில்லை.

இந்தச் சமயத்தில், யுத்தம் முடிந்து ஆறாம் நாள், இருபத்தைந்து வயதுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் சைக்கிளில் அங்கே போய்ச் சேர்ந்தார். லோரிஸ் மலகுட்ஸி என்பது அவர் பெயர். கிராமத்தார் தாங்களே பள்ளிக்கூடம் கட்டுகிறார்களாம் என்று காதில் விழுந்ததை நம்ப முடியாமல், கண்ணால் பார்க்கப் போனார். ஸ்திரீகள் உட்கார்ந்து பழைய செங்கற்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பணம் இருக்கிறது, மற்றதெல்லாம் தானாக வரும் என்றார்கள். தாம் ஒரு வாத்தியார் என்று அவர் சொன்னதும், அது நிஜமானால் எங்களோடு வந்து வேலை செய்யுங்கள் என்று கூப்பிட்டுவிட்டார்கள். அந்த அழைப்பு அவருடைய ஆயுளையே வாங்கிக்கொண்டது.

இங்கே ஒரு வேடிக்கையான தற்செயலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குழந்தைக் கல்விக்கு உலகப் புகழ் தேடித் தந்த இத்தாலியப் பெண்மணி மரியா மாண்டிசோரி அந்த யுத்த காலத்தில் இத்தாலியில் இல்லை. முசோலினி ஆட்சியில் 1934-இல் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. 1939-இல் அவர் நம் சென்னை அடையாறுக்கு வந்து சேர்ந்தார். இத்தாலி யுத்தத்தில் குதித்ததால் எதிரி நாட்டுப் பிரஜையாகி, கோடைக்கானலிலும் சில காலம் தங்கி, 1946-இல்தான் ஐரோப்பா திரும்பினார். நம் ஊர் ஆசிரியைகள் அவரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், அவருடைய தாய்நாட்டுக் குடியானவப் பெண்கள் எந்த சாஸ்திரமும் படிக்காமலே ஒரு பள்ளிக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள்.

எட்டே மாதத்தில் செல்லாவின் பள்ளி வேர்பிடித்துவிட்டது. அதைப் பார்த்து நகரத்தின் ஓரங்களிலும் ஏழைகள் வாழும் பகுதிகளிலும் இன்னும் ஏழு பள்ளிகள் எழுந்தன. எல்லாம் பெற்றோர்களே ஏற்படுத்திப் பெற்றோர்களே நடத்தியவை. வந்த குழந்தைகளோ பசியிலும் நோயிலும் மெலிந்த குழந்தைகள். வீட்டில் பேசுவது வட்டாரக் கொச்சை. புத்தக இத்தாலியன் அவர்களுக்கு அந்நிய பாஷை மாதிரி இருந்தது. வாத்தியார்கள் பெற்றோரையே உதவிக்குக் கூப்பிட்டார்கள்.

இந்த இடத்தில் சுபம் போட்டு முடித்தால் கதை நன்றாக இருக்கும். ஆனால் சரித்திரத்துக்குக் கதாசிரியனின் தயவு தேவையில்லை. பள்ளிக்கூடம் கட்டுவது கல்யாணம் மாதிரி: ஊரே கூடும், உற்சாகம் கரைபுரளும். பள்ளிக்கூடம் நடத்துவது குடித்தனம் மாதிரி: மாதாமாதம் அரிசிக்கும் விறகுக்கும் வழி பார்க்க வேண்டும். விடுதலையின் உற்சாகம் வடிந்தது. இத்தாலியில் சிறு குழந்தைகளின் பள்ளிகள் பெரும்பாலும் கத்தோலிக்கத் திருச்சபையின் கையில் இருந்தன. ரோமாபுரியில் ஆட்சி செய்த கட்சி ஒன்று. எமிலியா பிரதேசத்து ஜனங்களின் ஆதரவைப் பெற்ற கட்சி அதற்கு நேர் விரோதி. எட்டுப் பள்ளிகளில் சில மூழ்கிப்போயின. மற்றவை சுமார் இருபது வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. டாங்கியை விற்ற பணம் என்றைக்கோ தீர்ந்துவிட்டது. அந்த இருபது வருஷத்துக்கும் செலவானது மனிதர்களின் பிடிவாதம்.

மலகுட்ஸி ஏழு வருஷம் வேலை பார்த்த சர்க்கார் பள்ளி உத்தியோகத்தை விட்டார். ரோமாபுரிக்குப் போய் மனோதத்துவம் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். 1960-க்குப் பிறகு போராட்டம் புது உருவம் எடுத்தது. எங்கள் பள்ளியை மூடாதீர்கள் என்று மட்டும் கேட்டால் அது யாசகம். மூன்று வயது முதல் ஆறு வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் பொதுச் செலவில் பள்ளி வேண்டும் என்று கேட்டால் அது உரிமை. இத்தாலி முழுவதும் எழுந்த அந்தக் கோரிக்கையில் ரெஜ்ஜோவின் பெற்றோர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1963-இல் நகரசபையே ஒரு பள்ளியைத் திறந்தது. மரத்தால் செய்த இரண்டு வகுப்பறைகள், அறுபது குழந்தைகள். பெயர் என்ன தெரியுமா? ராபின்ஸன்! தீவில் தனியாக அகப்பட்டுக்கொண்டு, கையில் கிடைத்ததை வைத்து வாழ்ந்து காட்டிய அதே குரூஸோவின் பெயர்தான்.

ஊராரின் நம்பிக்கையைச் சம்பாதிக்க அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வாரம் ஒரு நாள் பள்ளிக்கூடத்தையே லாரியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போவார்கள். குழந்தைகள், ஆசிரியைகள், தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் அதில் அடக்கம். நாற்சந்தி மைதானத்திலோ, பூங்காவிலோ, நகரசபை நாடக மண்டபத்தின் தூண்களுக்கு அடியிலோ அன்றைய வகுப்பு நடக்கும். குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம். போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள், ஆச்சரியப்பட்டார்கள், கேள்வி கேட்டார்கள். ஆயிரம் துண்டுப் பிரசுரம் செய்ய முடியாததை, மண்ணைப் பிசைந்துகொண்டிருந்த நாலு வயதுப் பிள்ளை ஒன்று செய்திருக்கும்.

1967-இல் பெற்றோர்கள் நடத்திய பள்ளிகள் எல்லாவற்றையும் ரெஜ்ஜோ நகரசபை ஏற்றுக்கொண்டது. மறு வருஷம், 1968-இல், தேசத்துக்கே மழலைப் பள்ளிச் சட்டம் வந்தது. தங்கள் கையால் செங்கல் கழுவிக் கட்டியதைத் தூக்கி நகரசபையிடம் ஒப்படைப்பதென்றால் மனசு சும்மா இருந்திருக்குமா? பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தாயின் நிலைமைதான் அது. ஆனாலும் அவர்கள் உறவை அறுத்துக்கொள்ளவில்லை. பெற்றோரும் ஊராரும் ஆசிரியர்களும் சேர்ந்த கமிட்டிகள் வழியாகப் பள்ளியின் காரியங்களில் பங்கு வைத்துக்கொண்டார்கள். மற்ற இடத்தில் இல்லாத உயிர் அந்தப் பள்ளிகளுக்கு இருந்ததென்றால், இந்த ஏற்பாடும் அதற்கு ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஆபத்து அத்தோடு நின்றதா? 1976-இல் ரேடியோவில் ஏழு நாள் பிரசாரம் நடந்தது. நகரசபைப் பள்ளிகள் குழந்தைகளைக் கெடுக்கின்றன என்று கத்தோலிக்கத் தரப்பிலிருந்து ஒருவர் சாடினார். பதிலுக்குப் பதில் ஏசுவதுதான் உலக வழக்கம். மலகுட்ஸி வேறு விதமாக யோசித்தார். வழக்கமான பாடத்திட்டத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்து, பாதிரிமார்களையும் மற்றவர்களையும் பள்ளிக்கே அழைத்து வெளிப்படையாக விவாதம் நடத்தினார். ஐந்து மாதம் பேசினார்கள். கடைசியில் கோபம் தணிந்து, ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் நிலைக்கு வந்தார்கள். கதவைத் திறந்து வைத்ததனாலேயே பள்ளி பிழைத்தது.

1991-இல் அமெரிக்கப் பத்திரிகையான நியூஸ்வீக், உலகத்தின் மிகச் சிறந்த பள்ளிகளின் வரிசையில் ரெஜ்ஜோ நகரத்தின் டயானா மழலைப் பள்ளியைச் சேர்த்தது. அப்புறம் கேட்பானேன்! தேசதேசங்களிலிருந்து கல்வி நிபுணர்கள் விமானம் ஏறி வந்தார்கள். மலகுட்ஸி 1994-இல் காலமானார். செல்லா கிராமத்துப் பள்ளிக்கு 'ஏப்ரல் 25' என்று, விடுதலை நாளின் பெயர் நிலைத்தது.

கிராமத்துச் சின்னப் பள்ளிகளை மூடுகிற பேச்சு உலகத்தில் எங்கே எழுந்தாலும் முதலில் ஒரு கணக்குப் புத்தகம்தான் மேஜைக்கு வருகிறது. பிள்ளைகள் இத்தனை பேர், செலவு இவ்வளவு, கட்டாது என்று ஒரு கோடு இழுத்துவிடுகிறார்கள். கணக்குத் தப்பு என்று நான் சொல்லவில்லை. செல்லாவின் பெண்களும் கணக்குத்தான் போட்டார்கள். அவர்கள் புத்தகத்தில் வரவுப் பக்கத்தில் இருந்தது ஒரு டாங்கி, சில லாரி, சில குதிரை. செலவுப் பக்கத்தில் மட்டும் அவர்கள் கோடு இழுக்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே வைத்துவிட்டு, அடுத்த செங்கல்லைக் கழுவ எழுந்து போய்விட்டார்கள்.