நீர் மரை அல்ல: பாய்மரப்படகுப் புரொப்பெல்லரின் புரியிடையை வாசிப்பது குறித்து

உள்ளே எஞ்சின் வைத்த பாய்மரப்படகுகளைப் பற்றிய தொழில்நுட்ப எழுத்தில் ஒரு வாய்பாடு கேள்வியின்றிப் புழங்குகிறது. புரொப்பெல்லரின் புரியிடையை ஓர் அங்குலம் கூட்டினால் முழு த்ராட்டிலில் எஞ்சின் 200 சுற்று இறங்கும். ஓர் அங்குலம் குறைத்தால் 200 சுற்று ஏறும். 150 என்பாரும் உண்டு. வாய்பாடு பொய்யல்ல. ஒரு விகிதத்தைத் தொகையாக எழுதி வைத்திருப்பதுதான் அதன் குறை. அந்தத் தொகையைத் தட்டை இதழ் கொண்ட ஃபெதரிங் புரொப்பெல்லர்களுக்கும் எடுத்துச் சென்றது அதற்கடுத்த பிழை. இக்கட்டுரை பெரும்பாலும் இரண்டாவது பிழையைப் பற்றியது.

பட்டறையில் எல்லாரும் 'பிட்ச்' என்றே சொல்கிறார்கள். நான் புரியிடை என்று எழுதக் காரணம் உண்டு. பள்ளி ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைத் திருகிப் பார்த்தவர்களுக்கு அது ஒரு நீளம்: தலையை ஒருமுறை சுற்றினால் திருகு முன்னேறும் தூரம். திருகு அளவிக்கு அது பொருந்துகிறது. அங்கே மரை இருக்கிறது, மரை நகர்வதில்லை. நீர் மரை அல்ல. யன்மார் 3ஒய்எம்30 போன்ற ஒரு 29 குதிரைத்திறன் டீசல் 3600 சுற்றில் தன் முழுத்திறனைத் தருகிறது. 2.62 விகிதக் கியர்பாக்ஸுக்குப் பின்னால் தண்டு 1374 முறை சுழலும். 12.8 அங்குலப் புரியிடை நிஜமாகவே ஒரு நீளமானால் படகு 14.5 நாட் ஓட வேண்டும். நீர்க்கோட்டு நீளம் 30 அடியுள்ள படகோ தன் அலையைத் தாண்ட முடியாமல் 7.3 நாட்டில் திணறி நிற்கும். பாதி நழுவலிலேயே போகிறது. ஆகவே புரியிடை என்பது படகு கடக்கும் தூரமல்ல. இதழின் சாய்வைச் சொல்ல நாம் கடன் வாங்கிய மொழி.

இந்தக் கடன் பழையது, அதன் குழப்பமும் பழையது. 1837-இல் பாடிங்டன் கால்வாயில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித்தின் மரத்திருகு எதிலோ இடித்துப் பாதி உடைந்துபோக, படகு முன்னிலும் வேகமாக ஓடிய கதையைப் புரியிடை திருத்தத்தின் தொடக்கமாகச் சொல்வோர் உண்டு. இரண்டு சுற்று கொண்ட திருகில் ஒரு சுற்று முறிந்தால் புரியிடை மாறுவதில்லை. மாறியது நீரில் உராயும் பரப்பு. இது இங்கே கிளைக்கதை, விட்டுவிடுகிறேன்.

வாய்பாட்டுக்கு வருவோம். முழு த்ராட்டிலில், உச்சச் சுழற்சியை ஒட்டி, டீசலின் முறுக்குவிசை ஏறக்குறைய தட்டையானது. சுழற்சி இறங்கும்போது சற்று ஏறும். புரொப்பெல்லர் கேட்கும் முறுக்குவிசை சுழற்சியின் இருபடியோடும் ஒரு குணகத்தோடும் பெருகுகிறது. நெதர்லாந்தின் வாகெனிங்கன் தொட்டியில் சோதிக்கப்பட்ட பி-வரிசை வளைகோடுகளைப் பார்த்தால், பாய்மரப்படகு இயங்கும் பகுதியில் இந்தக் குணகம் புரியிடையின் இருபடிக்கு நெருக்கமாக ஏறுவது தெரியும். சுழற்சி குறையக் குறைய, வேகம் மாறாத படகில் நீர் இதழுக்கு வரும் கோணம் கூடி, அந்த ஏற்றத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எல்லாம் சேர்ந்தால், சுழற்சி புரியிடையின் 0.7 அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இறங்குகிறது என்பது என் கணிப்பு. 0.65 என்றோ 0.8 என்றோ ஒருவர் சொன்னால் சண்டைக்குப் போகமாட்டேன். வாதம் அடுக்கெண்ணில் இல்லை.

12 அங்குலத்தை 13 ஆக்கினால் 3600 சுற்று எஞ்சின் 196 சுற்று இழக்கும். வாய்பாடு அப்படியே வந்து நிற்கிறது. அது பிறந்த இடம் இதுதான் என்று எண்ணுகிறேன். அதே எஞ்சினில் 6 அங்குலத்தை 7 ஆக்கினால் இழப்பு 370 சுற்றைத் தொடும். 2000 சுற்றில் ஓடும் பழைய கனத்த எஞ்சினில் 20 அங்குலத்தை 21 ஆக்கினால் 67-தான். மூன்று படகுகளிலும் கூட்டியது ஓர் அங்குலமே. நடுத்தரப் படகு ஒன்றின் அனுபவம் எல்லாப் படகுக்கும் சட்டமாகிவிட்டது.

இனித் தகராறுள்ள ஆதாரம். ஃபெதரிங் புரொப்பெல்லரில் இதழ்கள் குடத்துக்குள் பற்சக்கரத்தில் அமர்ந்திருக்கும். எஞ்சினை நிறுத்திப் பாயில் ஓடும்போது அவை திரும்பி நீரோட்டத்தோடு ஒட்டி நிற்கும். இப்படி ஒட்டி நிற்பதற்காகவே மேக்ஸ்-புரொப் போன்றவற்றின் மரபான இதழ்கள் முறுக்கில்லாமல் தட்டையாக வார்க்கப்பட்டன. இவற்றில் புரியிடையைப் பாகையில் அமைக்கிறார்கள். கையேட்டில் ஓர் அட்டவணை இருக்கும்: இன்ன விட்டத்துக்கு இன்ன பாகை என்றால் இத்தனை அங்குலம். அந்த அட்டவணை ஆரத்தின் பத்தில் ஏழு பங்கில் இதழின் சாய்வை எடுத்து, அங்கே ஒரு சுற்றுக்கு வரும் ஏற்றத்தைக் கணக்கிடுகிறது. 16 அங்குல விட்டத்தில் 20 பாகை 12.8 அங்குலம், 22 பாகை 14.2 அங்குலம். கணக்கில் குற்றமில்லை. இதற்கு முந்தைய ஆய்வுமரபு அட்டவணையை வாசித்த விதம்தான் என் வழக்கு. 12.8 என்று அட்டவணை சொன்னதும், குடத்தில் 12.8 என்று பொறித்த நிலையான புரொப்பெல்லருக்கு இது சமம் என்று எடுத்துக்கொண்டு, அங்குலத்துக்கு 200 என்ற வாய்பாட்டை அதன்மேல் ஏற்றினார்கள்.

நிலையான புரொப்பெல்லரின் இதழ் முறுக்கியது. 12.8 அங்குலப் புரியிடை எல்லா ஆரத்திலும் ஒன்றாக இருக்க வேண்டுமானால், குடத்தை ஒட்டி, ஆரத்தின் பத்தில் நான்கு பங்கில், சாய்வு 32.5 பாகை, பத்தில் ஏழில் 20, நுனியில் 14.3. தட்டை இதழிலோ எல்லா இடத்திலும் 20. அதை அங்குலத்தில் சொல்லப் புகுந்தால் அரை ஆரத்தில் 9.1, நுனியில் 18.3. ஒரே இதழுக்கு எத்தனை புரியிடை? அட்டவணை அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து நமக்குத் தருகிறது.

வேறுபாடு வடிவத்தில் மட்டும் என்றால் பொருட்படுத்த வேண்டியதில்லை. நீர் இதழைத் தாக்கும் கோணத்தைப் பார்க்க வேண்டும். மேற்சொன்ன படகு 7 நாட் ஓட, தண்டு 1374 சுற்றில் சுழல, நீர் வந்து சேரும் கோணம் பத்தில் நான்கு ஆரத்தில் 17 பாகை, பத்தில் ஏழில் 10, நுனியில் 7. இவற்றைச் சாய்விலிருந்து கழித்தால் கிடைப்பது தாக்குகோணம். முறுக்கிய இதழில் குடத்தருகே 15 பாகைக்குச் சற்று மேல், நடுவில் 10, நுனியில் 7. தட்டை இதழில் குடத்தருகே 3-கூட இல்லை, நடுவில் அதே 10, நுனியில் 13. இரண்டும் ஏறக்குறைய தலைகீழ். முறுக்கிய இதழில் நுனி இளைப்பாறுகிறது. தட்டை இதழில் குடத்தருகே உள்ள பகுதி வெறுமனே நீரைக் கலக்க, சுமையெல்லாம் நுனியில் போய்த் தொங்குகிறது. புரொப்பெல்லர் தானே இழுக்கும் நீரின் வேகத்தை இந்த எளிய கணக்கு சேர்க்கவில்லை. சேர்த்தால் எல்லாக் கோணங்களும் குறையும். வரிசை மாறாது.

இங்கே எதிர்த்தரப்புக்கு ஒரு நியாயத்தை நானே எடுத்துக் கொடுக்க வேண்டும். இதழின் அகலத்தையும் ஆரத்தையும் சேர்த்து முறுக்குவிசையைக் கூட்டிப் பார்த்தேன். 20 பாகையை 22 ஆக்கும்போது தட்டை இதழிலும், அதற்கு நிகராகப் புரியிடை கூட்டிய முறுக்கிய இதழிலும் முறுக்குவிசை ஏறுவது ஏறக்குறைய ஒரே விழுக்காடுதான். முதல் நிலைக் கணக்கில் இரண்டுக்கும் 20 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. குடத்தருகே ஏற்படும் வேறுபாடும் நுனியில் ஏற்படும் வேறுபாடும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. அதாவது, சுழற்சி எவ்வளவு இறங்கும் என்ற ஒரு கேள்விக்கு மட்டும் அட்டவணை கைகொடுக்கிறது. இத்தனை காலம் அது பிழைத்திருப்பது இதனால்தான். என் ஆய்வைத் தொடங்கியபோது அட்டவணை இதிலும் தோற்கும் என்று எதிர்பார்த்தேன், தோற்கவில்லை.

ஆனால் எஞ்சின் ஒரே சுழற்சியில் நிற்கிறது என்பதால் இரண்டு புரொப்பெல்லரும் ஒன்றாகிவிடா. எதிர்க்காற்றில், குறுகிய அலையில், படகு 7 நாட்டிலிருந்து 4-க்கு விழும்போது தாக்குகோணம் எல்லா ஆரத்திலும் கூடுகிறது. ஏற்கெனவே 13 பாகையில் நிற்கும் நுனி முதலில் நீரைப் பிடிக்கத் தவறும். உந்துவிசை மிக வேண்டிய நேரத்தில் அது கைவிடுகிறது. முறுக்குவிசைச் சுமையோ குறைவதில்லை. அமைதியான நீரில் எடுத்த சுழற்சிக் கணக்கை வைத்துக்கொண்டு, இரண்டும் சமம் என்று முடிவு கட்டிய எழுத்துகள் இந்தப் படகைப் பார்க்கவில்லை.

அட்டவணைக்குள்ளேயே இன்னொரு முரண் ஒளிந்திருக்கிறது. வாய்பாட்டை வீழ்த்த இது ஒன்றே போதும் என்று நினைக்கிறேன். அதே 16 அங்குல விட்டத்தில் 12 பாகையை 14 ஆக்கினால் அட்டவணைப்படி கூடுவது 1.29 அங்குலம். 20-ஐ 22 ஆக்கினால் 1.41. வாய்பாட்டின்படி இரண்டாவது திருத்தம்தான் எஞ்சினை அதிகம் அழுத்த வேண்டும். விகிதப்படி கணக்கிட்டால் முதலாவதில் 380 சுற்றும், இரண்டாவதில் 250 சுற்றும் இறங்குகின்றன. அங்குலம் கூடக் கூட இறக்கம் குறைகிறது.

இப்போது படகை மேடேற்றிப் பார்ப்போம். குடத்தின் திருகாணிகளைக் கழற்றி இரு பாதிகளையும் பிரித்தால் பழைய கிரீஸ் பச்சையும் கறுப்புமாக வழியும். நடுவில் கூம்புப் பற்சக்கரம். ஒவ்வோர் இதழின் அடியிலும் அதற்கு இணையான பற்கள். கூம்பை எந்தக் குறியில் அமர்த்துகிறோமோ அதுவே பாகை. ஓர் இதழ் ஒரு பல் தள்ளி அமர்ந்தாலும் பாய் ஓட்டத்தில் மற்றவை ஒட்டி நிற்க, அது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். மூடியபின் கோணமானியை இதழ்மேல் வைப்பார்கள். இந்த இடத்தில் நடக்கும் பிழையை எந்தக் கட்டுரையிலும் நான் கண்டதில்லை. தண்டு கிடைமட்டமாக இல்லை. பெரும்பாலான படகுகளில் பின்னோக்கிச் சரிந்தே கிடக்கிறது. இதழ் கடிகாரத்தின் மூன்று மணி நிலையில் இருக்கும்போது அளந்தால் இதழின் சாய்வோடு தண்டின் சரிவும் சேர்ந்து வரும். ஒன்பது மணிக்குத் திருப்பி அளந்தால் கழிந்து வரும். தண்டு 8 பாகை சரிந்திருந்தால் 20 பாகை இதழ் ஒரு பக்கம் 28 காட்டும், மறுபக்கம் 12 காட்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். ஒரே பக்கம் அளந்து, 'குறி 20 என்கிறது, மானி 28 என்கிறது, புரொப்பெல்லரே கோளாறு' என்று கழற்றி மாட்டியவர்கள் உண்டு. ஒருமுறை அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

நீருக்குள்ளும் இந்தச் சரிவு சும்மா இருப்பதில்லை. கீழிறங்கும் இதழ் கூடுதல் தாக்குகோணத்தையும் மேலேறும் இதழ் குறைந்த கோணத்தையும் ஒவ்வொரு சுற்றிலும் சந்திக்கின்றன. நுனி ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் தட்டை இதழுக்கு இது இன்னும் ஒரு தள்ளு.

வேண்டுமென்றே புரியிடையைக் கூட்டி வைத்தால் எஞ்சின் நிதானமாக ஓடும், டீசல் மிச்சமாகும் என்றொரு கட்சி இருக்கிறது. அமைதியான நீரில் அரைச்சுமையில் அவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. கொட்டலசு பிடித்த அடிப்பாகத்தோடு, நிறைந்த தண்ணீர்த் தொட்டியோடு, எதிர்க்காற்றில் அவர்கள் எஞ்சின் கறுப்பாகப் புகைவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பாயில் ஓடும்போது தண்டைப் பூட்டுவதா, சுழலவிடுவதா என்ற நெடுங்காலச் சச்சரவு நிலையான புரொப்பெல்லர்க்காரர்களின் கவலை. இங்கே அதற்கு வேலையில்லை. தட்டை இதழே வழக்கொழிகிறது, முறுக்கிய ஃபெதரிங் இதழ்கள் வந்துவிட்டன என்பாருக்கு ஒரே பதில்: துறைமுகங்களில் மிதப்பது புதுப் படகுகள் மட்டுமல்ல.

புரியிடை ஓர் அளவல்ல, இயக்கத்தில் பிறக்கும் நிலை என்பதற்குச் சான்று வேண்டுவோர் இரண்டு கருவிகளைப் பார்க்கலாம். பிரண்டன்ஸ் ஆட்டோபுரொப்பின் இதழ்கள் தம் அச்சில் தாமே திரும்பக்கூடியவை. சுழற்சியின் மையவிலக்கு விசையும் நீரின் விசையும் சமன்படும் கோணத்தை அவையே தேடிக்கொள்கின்றன. அதன் குடத்தில் எந்த அங்குலத்தைப் பொறிப்பது? மற்றொன்று நார்வேயின் பெர்கன் நகரில் உருவான ஸாப் டீசல்கள். பல பழைய ஸாப்களில் பின்னோட்டக் கியர் கிடையாது. கைச்சக்கரத்தைச் சுற்றினால் தண்டுக்குள்ளிருக்கும் கோல் நகர்ந்து இதழ்களைத் திருப்பும். முன்னோட்டம், நடுநிலை, பின்னோட்டம் எல்லாம் அந்த ஒரே சக்கரத்தில். அதை ஓட்டுபவர் அங்குலத்தைக் கேட்பதில்லை. எஞ்சினின் ஓசை கனக்கும்வரை சக்கரத்தைச் சுற்றுகிறார், புகை கறுத்தால் கால் சுற்று பின்வாங்குகிறார், எதிர்க்காற்று வந்தால் இன்னும் கொஞ்சம்.

படகை மேடேற்றித்தான் கோணத்தை மாற்ற முடியும் என்ற நிலையிலுள்ளவர்க்கு அந்த வசதியில்லை. அவருடைய பதிவேட்டில் இருக்க வேண்டியவை: இரு பக்கமும் அளந்து பாதியாக்கிய பாகை, அடிப்பாகம் எப்போது துடைத்தது, தொட்டிகள் நிறைந்த படகில், காற்றில்லாத காலையில், முழு த்ராட்டிலில் எஞ்சின் எட்டிய சுற்று. அந்தச் சுற்று தயாரிப்பாளர் சொன்ன உச்சத்துக்குக் கீழே நின்றால், அடுத்த மேடேற்றத்தில் கூம்பை ஒரு குறி குறைக்க வேண்டும். அங்குலத்துக்கென்று வரைந்த கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை.